பழைய ஏரிப் படுகையில் நல்ல மணல் எங்கே தங்கும்? மலாய்ப் படுகை குறித்து மூன்று கேள்விகள்

செந்தூல் மாணவி, கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வுக்காக தீபகற்ப மலேசியாவின் கிழக்கே கடலடியில் இருக்கும் மலாய்ப் படுகையின் தென்கிழக்கில் உள்ள ஒரு அரை கிராபெனுக்கு (ஒரு பக்கம் மட்டும் நிலப்பிளவு வழியே இறங்கிய பள்ளம்) குறுக்குவெட்டு வரைந்துகொண்டிருக்கிறேன். கையில் பழைய 2டி சைஸ்மிக் (அதிர்வலை அளவீட்டு) கோடுகளும், இரண்டு கிணறுகளின் லாக்கும் (ஆழவாரியான அளவீட்டுப் பதிவு), கட்டிங்ஸ் (துளைக்கும்போது வரும் பாறைத்துணுக்கு) அறிக்கையும் இருக்கின்றன.

முதல் கேள்வி: இந்தப் படுகையின் பாறையடுக்குகளில் எம், எல், கே எனப் பெயரிட்ட பழைய தொகுதிகளை ஏரிப் படிவு என்றும் நல்ல மூலப்பாறை (எண்ணெய் பிறக்கும் பாறை) என்றும் சொல்கிறார்கள். ஏரியடி என்றால் சேறுதானே? அப்படியானால் எண்ணெயைத் தேக்கிவைக்கும் மணல் அதே ஏரிக்குள் எங்கே இருக்கும்?

இரண்டாவது: எல்லை ஃபால்ட்டை (பள்ளத்தின் ஓரத்து நிலப்பிளவை) ஒட்டித்தான் படிவு மிகத் தடிமன். அங்கேதான் மணலும் சிறப்பாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பக்கக் கிணற்றில் போரோசிட்டி (பாறையில் துளைகளின் பங்கு) 9 சதவீதம்தான். எதிரே, மெதுவாகச் சாயும் பக்கத்துக் கிணற்றில் 25 சதவீதம். ஏன் இப்படி?

மூன்றாவது: அந்த 25 சதவீத மணலில் ரெசிஸ்டிவிட்டி (மின்தடை) 10 ஓம்-மீட்டர் காட்டுகிறது. எண்ணெய் என்று எழுதலாமா? தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மணற்கல், பெட்டாலிங் ஜெயா

தங்கச்சி, ஏரி எங்கே ஆழமாக இருந்தது என்பதிலிருந்து நீங்கள் தொடங்குகிறீர்கள். மணலைத் தேடுவதென்றால் ஆறு எங்கே நுழைந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

நல்ல மூலப்பாறையும் நல்ல மணலும் ஒரே இடத்தில் ஒரே காலத்தில் சேர்ந்து உருவாவது அரிது. மணல் கொட்டுகிற இடத்தில் பாசி எச்சம் வண்டலோடு கலந்து நீர்த்துப்போகும். ஆற்றுநீர் அடிவரை ஆக்சிஜனைக் கொண்டுபோனால் மிஞ்சியதும் அழுகிவிடும். வண்டல் எட்டாத, அடிநீர் கலங்காத ஆழத்தில்தான் எண்ணெய் தரும் ஷேல் (ஏடு ஏடான களிப்பாறை) படியும். இன்றைய தாங்கனீகா ஏரியைப் பாருங்கள். ஆழம் சுமார் 1,470 மீட்டர். அதில் மேலே ஒன்றிரண்டு நூறு மீட்டர் வரைதான் ஆக்சிஜன் உண்டு.

இனி உங்கள் 9 சதவீத மணல். அரை கிராபென் ஒரு பக்கம் மட்டும் சாய்த்து வைத்த தட்டு மாதிரி. ஃபால்ட்டின் உட்புறம் இறங்க இறங்க, வெளிப்புறத் தோள் உயரும். உயர்ந்த தோளின் மேற்பரப்பு ஏரிக்கு எதிர்த்திசையில் சாய்ந்திருக்கும். எனவே அங்கே பெய்யும் மழையின் பெரும்பகுதி ஏரிக்கு வராமல் வெளியே ஓடிவிடும். ஏரிக்குள் இறங்குவது ஃபால்ட் முகத்தை அரித்து வரும் குட்டை ஓடைகள் மட்டுமே. சில கிலோமீட்டர் ஓட்டத்தில் கல், மணல், களி, உடைந்த பாறைத் துணுக்கு எல்லாம் சலிக்கப்படாமல் விசிறியாகக் கொட்டும். ஃபெல்ட்ஸ்பார் கனிமமும் எரிமலைத் துணுக்கும் அதிகம் இருக்கும். புதைந்தபின் மென்மையான துணுக்குகள் நசுங்கி இடைவெளியை அடைக்கும். ஃபெல்ட்ஸ்பார் கரைந்து கயோலினைட், ஆழத்தில் இல்லைட் என்ற களிக் கனிமங்களாக மாறும். காமா ரே லாக்கில் (பாறையின் இயற்கைக் கதிரியக்க அளவு) மணல் என்றே தெரியலாம். கிணற்றை ஓடவிட்டுச் சோதித்தால் எண்ணெய் வராது.

பெரிய ஆறுகளுக்கு மூன்று வாசல்கள்தான். ஒன்று, மெதுவாகச் சாயும் பக்கம். நீண்ட ஆறு, நல்ல சலிப்பு, குவார்ட்ஸ் மிகுந்த மணல். இரண்டு, படுகையின் நீள அச்சின் ஒரு முனை. மூன்று, இரண்டு ஃபால்ட் துண்டுகள் ஒன்றையொன்று தாண்டி நிற்கும் இடத்தில் உண்டாகும் சரிவு. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. 2டி கோடுகளில் எல்லை ஃபால்ட்டை ஒரே நீளக் கோடாக இணைத்துவிட்டால் அந்த வாசல் வரைபடத்திலிருந்தே மறைந்துவிடும். ஒவ்வொரு கோட்டிலும் ஃபால்ட் எத்தனை மீட்டர் இறக்கியிருக்கிறது என்று அளந்து, ஃபால்ட்டின் நீளவாக்கில் வரைபடமாகப் போடுங்கள். இறக்கம் குறைந்து மறுபடி கூடும் இடம் இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடம். மணலை அங்கே தேடலாம்.

அச்சு வழியாக வந்த மணலுக்குச் சீனாவின் சோங்லியாவ் படுகை சிறந்த எடுத்துக்காட்டு. கிரெட்டேசியஸ் கால ஏரி. சிங்ஷான்கோ ஷேல் மூலப்பாறை. வடக்கிலிருந்து வந்த ஆறு பரப்பிய டெல்டா மணல் ரிசர்வாயர், அதாவது எண்ணெய் தேங்கும் பாறை. 1959இல் கண்டுபிடிக்கப்பட்ட தாசிங் எண்ணெய் வயல் அந்த மணலில்தான் உட்கார்ந்திருக்கிறது. 1976 முதல் 2002 வரை ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்குக் குறையாமல் கொடுத்தது.

ஏரி நிரம்பிய வரிசையையும் மனத்தில் வையுங்கள். முதலில் ஆறும் விசிறியும். பிறகு நிலம் இறங்கும் வேகம் வண்டல் வரும் வேகத்தை மிஞ்ச, ஏரி ஆழமாகிப் பட்டினி கிடக்கும். நல்ல ஷேல் இந்தக் கட்டத்தில் படிவதுதான். கடைசியில் ஃபால்ட் ஓய்ந்து ஆறு வென்று, டெல்டா முன்னேறி ஏரியை மூடும். மலாய்ப் படுகையில் இதெல்லாம் பெரும்பாலும் ஒலிகோசீன் காலத்தில் (சுமார் 3.4 முதல் 2.3 கோடி ஆண்டுக்கு முன்) நடந்தது. பின்னர் அடுத்த காலமான மயோசீனில் கடல் உள்ளே வந்து ஜே, ஐ தொகுதி மணலைப் பரப்பியது. ஏரி ஷேல் தந்த எண்ணெயில் கணிசமான பங்கு மேலேறித் தங்கியிருப்பது இந்தப் பிந்தைய மணலில்தான். டாப்பிஸ் எண்ணெய் வயலின் முக்கிய ரிசர்வாயர் ஜே தொகுதி. மயோசீனின் நடுவிலிருந்து படுகை நெருக்கப்பட்டபோது பழைய அரை கிராபென்களின் தடித்த படிவு மேலே தள்ளப்பட்டு வளைவுகளாயிற்று. மூலப்பாறைக்கு நேர் மேலேயே எண்ணெயைப் பிடித்துவைக்கும் பொறி அமைந்ததால் எண்ணெய் நெடுந்தூரம் நகர வேண்டியிருக்கவில்லை. ஆகவே உங்கள் குறுக்குவெட்டை கே தொகுதியோடு நிறுத்தாதீர்கள்.

பட்டர்வொர்த் லாக், பினாங்கு

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 10 ஓம்-மீட்டரை மட்டும் வைத்து எண்ணெய் என்று எழுதாதீர்கள். ஏரி மணலிலும் ஆற்று மணலிலும் அதிகம் பேரைத் தவறாக வழிநடத்துவது இந்த எண்தான்.

கடல் மணலில் பாறைநீர் (துளைகளில் நிற்கும் நீர்) உப்பாக இருக்கும், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ரெசிஸ்டிவிட்டி தாழ்ந்திருக்கும். எண்ணெய் புகுந்தால் பளிச்சென்று ஏறும். ஏரி மணலில் நீரே நன்னீராக இருக்கலாம். அப்போது வெறும் தண்ணீரே எண்ணெய் போலக் காட்டும்.

ரெசிஸ்டிவிட்டியிலிருந்து நீர்ப்பங்கைக் கணக்கிடும் ஆர்ச்சி சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். போரோசிட்டி 25 சதவீதம், சமன்பாட்டின் அடுக்கெண்களான எம், என் இரண்டும் 2 என்றால் பாறைக் காரணி (நீர் நிறைந்த பாறை வெறும் நீரைவிட எத்தனை மடங்கு தடுக்கும் என்பது) 16. பாறைநீரின் ரெசிஸ்டிவிட்டி 0.1 ஓம்-மீட்டர் என்று வைத்தால், முழுக்கத் தண்ணீர் நிறைந்த மணல் 1.6 காட்டும். உங்கள் மணல் 10 காட்டுவதால் நீர்ப்பங்கு 40 சதவீதம், மீதி 60 எண்ணெய். அதே பாறைநீர் 0.6 ஓம்-மீட்டர் என்றால் தண்ணீர் மணலே 9.6 காட்டும், நீர்ப்பங்கு 98 சதவீதம். லாக்கில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. நீங்கள் அனுமானித்த நீர் மாறியது, அவ்வளவுதான்.

அதனால் செய்ய வேண்டியது: அதே கிணற்றில் சந்தேகமில்லாத தண்ணீர் மணல் ஒன்றைக் கண்டுபிடித்து, பிக்கெட் வரைபடத்தில் (போரோசிட்டிக்கு எதிராக ரெசிஸ்டிவிட்டி) பாறைநீரின் ரெசிஸ்டிவிட்டியை அளந்துகொள்ளுங்கள். ஆழமான உப்புநீர் மணலின் எண்ணை மேலே உள்ள நன்னீர் மணலுக்குக் கடன் வாங்க வேண்டாம். ஒவ்வொரு தொகுதிக்கும் தனியாக எடுங்கள். எஸ்பி லாக்கையும் (கிணற்றில் தானாக எழும் மின்னழுத்தம்) பாருங்கள். மணலுக்கு எதிரே எஸ்பி அசையாமல் கிடந்தாலோ வலப்பக்கம் திரும்பினாலோ, பாறைநீர், கிணறு துளைக்கப் பயன்படும் சேற்றின் நீர் அளவுக்கு அல்லது அதைவிட நன்னீர் என்று பொருள். எண்ணெய் அடிப்படைச் சேற்றில் துளைத்த கிணறு என்றால் எஸ்பியே இருக்காது. அப்போது ஃபார்மேஷன் டெஸ்டர் கருவி பாறையிலிருந்து உறிஞ்சி எடுக்கும் திரவ மாதிரிதான் முடிவான சாட்சி.

மூலப்பாறையை லாக்கில் அடையாளம் காண்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடல் ஷேலில் கரிமப்பொருள் கூடினால் யுரேனியம் கூடி காமா ரே உயரும். நன்னீர் ஏரியில் யுரேனியம் குறைவு. மிக நல்ல ஏரி ஷேல்கூட சாதாரண ஷேல் அளவுக்கே காமா ரே காட்டலாம். ஆகவே சோனிக் லாக்கையும் (ஒலி பாறையைக் கடக்கும் நேரம்) ரெசிஸ்டிவிட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ரெசிஸ்டிவிட்டியின் ஒரு பத்து மடங்குக்கு சோனிக்கில் அடிக்கு 50 மைக்ரோ வினாடி என்ற அளவில் வையுங்கள். கரிமமில்லாத ஷேலில் இரண்டும் ஒன்றாகப் படியுமாறு நகர்த்துங்கள். அதற்குப் பிறகு விலகும் இடங்களே சந்தேகத்துக்குரிய மூலப்பாறை. 1990இல் பாஸி குழு வெளியிட்ட முறை இது. மலாய்ப் படுகையில் இதைக் கெடுப்பவை இரண்டு. நிலக்கரியும் இதே விலகலைத்தான் காட்டும். அடர்த்தி லாக்கைப் பார்த்து நீக்க வேண்டும். மிகையழுத்த ஷேல் (துளைநீரின் அழுத்தம் வழக்கத்தை மிஞ்சியது) சோனிக்கை மெதுவாக்கிப் பொய்யான விலகல் தரும். சேற்றின் எடை ஏற்றப்பட்ட ஆழத்தோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும்.

செந்தூல் மாணவி

மிக்க நன்றி, மணற்கல் அண்ணே, பட்டர்வொர்த் அண்ணே. எஸ்பி அந்த மணலில் ஏறக்குறைய நேர்க்கோடுதான். நீர்ப்பங்கை மறுபடி கணக்கிடுகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். கட்டிங்ஸ் அறிக்கையில் டைனோஃபிளாஜெலேட் (நீரில் மிதக்கும் நுண்ணுயிரி) இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் கடல் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அடுத்தது, சாய்வுப் பக்க மணலெல்லாம் 3 முதல் 6 மீட்டர் தடிமன்தான். இவ்வளவு மெல்லியதாக ஏன்? ஒரு கிணற்றிலிருந்து இன்னொரு கிணற்றுக்கு இவற்றை இணைத்து வரையலாமா?

மணற்கல், பெட்டாலிங் ஜெயா

டைனோஃபிளாஜெலேட் என்ற பெயரை மட்டும் பார்த்துக் கடல் என்று எழுதக்கூடாது. என்ன இனம் என்று கேளுங்கள். போசெடினியா நன்னீரிலும் வாழ்ந்தது. தென்கிழக்காசிய ஒலிகோசீன் ஏரிகளில் நன்றாகத் தெரிந்த இனம். கூடவே பெடியாஸ்ட்ரம், போட்ரியோகாக்கஸ் பாசிகள் இருந்து, ஃபோராமினிஃபெரா என்ற கடல் நுண்ணுயிரி இல்லையென்றால் ஏரி என்ற முடிவு நிற்கும். கட்டிங்ஸ் என்பதால் மேலிருந்து உதிர்ந்து விழுந்த துணுக்கும் கலந்திருக்கும். ஓர் இனம் முதன்முதலில் தென்படும் ஆழத்தைவிட, துளைக்கும்போது கடைசியாக மறையும் ஆழத்தை நம்புவது ஆபத்து. பக்கச்சுவர்க் கோர் (கிணற்றுச் சுவரிலிருந்து நேரே வெட்டிய பாறைத்துண்டு) இருந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

மணல் ஏன் மெல்லியது என்பதற்குக் கரையின் சரிவே பெரிய காரணம். ஏரிமட்டம் கடல்மட்டத்தைவிட மிக வேகமாக ஏறி இறங்கும். சாய்வுப் பக்கத்துக் கரை 1 டிகிரி சரிவென்றால், நீர் 50 மீட்டர் இறங்கும்போது கரை சுமார் 2.9 கிலோமீட்டர் நகரும். சரிவு 0.1 டிகிரி என்றால் அதே 50 மீட்டருக்குக் கரை 28 கிலோமீட்டருக்கு மேல் நகரும். ஆற்றுவாய் ஒரே இடத்தில் நின்று தடித்த மணலைக் குவிக்க அவகாசமே கிடைப்பதில்லை. ஒவ்வொரு நீரேற்றமும் மேலே ஒரு களிப்படலத்தை விரித்துவிட்டுப் போகும்.

கேரல், போஹாக்ஸ் இருவரும் 1999இல் தந்த பாகுபாடு இங்கே மிகவும் பயன்படும். நீரும் வண்டலும் படுகை இறங்கித் தரும் இடத்தை மிஞ்சினால் ஏரி எப்போதும் வழிந்துகொண்டிருக்கும். நிலக்கரி, ஆற்று மணல், கலப்பு மூலப்பாறை. இரண்டும் ஏறக்குறைய ஈடாக இருந்தால் மட்டம் ஓயாமல் ஏறி இறங்கும். மிக நல்ல மூலப்பாறை இந்த வகையிலேயே கிடைக்கும். இடம் மிஞ்சினால் ஏரி வற்றி உப்புப் படியும். அமெரிக்காவின் கிரீன் ரிவர் படிவத்தில் மூன்றும் மாறி மாறி உண்டு. வில்கின்ஸ் பீக் பகுதியில் டிரோனா என்ற சோடா உப்பையே வெட்டி எடுக்கிறார்கள். உங்கள் கிணற்றில் ஒரு தொகுதி முழுவதற்கும் ஒரே பெயர் வைக்காமல், சில பத்து மீட்டர் இடைவெளியில் இது எந்த வகை என்று குறித்துக்கொண்டு போங்கள். வகை மாறும் எல்லைகளைத்தான் இரண்டு கிணறுகளுக்கும் இடையே இணைக்க வேண்டும். தனித்தனி மணலை இணைப்பது அதற்குப் பிறகு.

இன்னொன்று, ஏரியின் நடுவிலும் மணலைத் தேடலாம். கலங்கிய ஆற்றுநீர் கடல்நீரின் அடியில் அமிழ வேண்டுமானால் ஒரு கன மீட்டரில் 36 முதல் 43 கிலோ வண்டல் இருக்க வேண்டும். நன்னீர் ஏரியில் 1 கிலோவே போதுமானது. அதனால் வெள்ளக்காலத்தில் மணல் ஏரியடியைத் தொட்டபடி ஆழம் வரை ஓடும். ஷேலுக்கு நடுவே அகப்பட்ட இந்த மணல் தானாகவே ஒரு பொறி.

செராஸ் ரிசர்வாயர், கோலாலம்பூர்

இணைத்து வரையும் விஷயத்தில் மணற்கல் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சைஸ்மிக் இதில் உங்களைக் காப்பாற்றாது. வேகம் வினாடிக்கு 3,000 மீட்டர், அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 100 மீட்டர். பிரித்தறியக்கூடிய தடிமன் ஏறத்தாழ 25 மீட்டர். 5 மீட்டர் மணல் அதில் தனியாகத் தெரியாது. சைஸ்மிக்கில் தெரிவது மணற்தொகுப்பு மட்டுமே.

அழுத்த அளவைப் பற்றியும் சொல்கிறேன். உற்பத்தி தொடங்குவதற்கு முன் இரண்டு மணல் ஒரே அழுத்தக் கோட்டில் விழுந்தால் அவை இணைந்தவை என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அது சாட்சியே அல்ல. லட்சக்கணக்கான ஆண்டுகளில் மிக மெல்லிய கசிவுகூட அழுத்தத்தைச் சமன்படுத்திவிடும். உற்பத்திக் காலமோ இருபது முப்பது ஆண்டு. அந்தக் காலத்தில் 1 மீட்டர் ஏரிக் களி முழு மூடியாகவே நடந்துகொள்ளும். பக்கத்துக் கிணறு உற்பத்தி செய்தபிறகு துளைத்த கிணற்றில், அந்தக் களிக்கு மேலும் கீழும் சில நூறு பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வித்தியாசம் தெரிந்தால் அதுவே நேர்மையான விடை.

மெல்லிய மணலில் அழுத்தச் சரிவை (ஆழத்தோடு அழுத்தம் ஏறும் அளவை) வைத்து எண்ணெயா தண்ணீரா என்று சொல்வதும் ஆபத்தானது. நன்னீர் அடிக்கு 0.433 பிஎஸ்ஐ, எண்ணெய் 0.33 என்று வையுங்கள். 5 மீட்டர் மணலில், அதாவது 16 அடியில், இரண்டுக்கும் மொத்த வித்தியாசம் 1.6 பிஎஸ்ஐதான். ஆழத்தில் 1 அடி பிழை வந்தாலே 0.4 பிஎஸ்ஐ போய்விடும். ஆகவே மாதிரி எடுங்கள்.

நீர் செலுத்தி எண்ணெய் எடுக்கும் திட்டத்தில் இந்த மணலையெல்லாம் கிணற்றுக் குழாயில் ஒரே துளைத்தொகுப்பாகத் திறந்தால், பெர்மியபிலிட்டி (ஊடுருவவிடும் திறன்) அதிகமான ஒரே படலம் தண்ணீர் முழுவதையும் குடித்துவிடும். மற்ற படலங்களின் எண்ணெய் அப்படியே கிடக்கும். படலவாரியாகப் பிரித்து நீர் செலுத்தத் தாசிங்கில் பெரும் உழைப்பு செலவிட்டது இதனால்தான்.

ஏரி எண்ணெயின் குணத்தையும் முன்கூட்டியே நினைக்க வேண்டும். நன்னீரில் சல்ஃபேட் குறைவு, ஆகவே எண்ணெயில் கந்தகம் குறைவு. பாசிக் கொழுப்பிலிருந்து வந்ததால் மெழுகு அதிகம். ராஜஸ்தானின் பார்மர் படுகையில் 2004இல் கண்டுபிடிக்கப்பட்ட மங்களா வயலின் எண்ணெய் சுமார் 40 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். அதனால் குஜராத் கடற்கரை வரை சூடாக்கிய குழாயில் அனுப்புகிறார்கள். நம் கடலடி வெப்பம் 25 டிகிரி அளவில்தான். உறைநிலை அதற்கு மேலுள்ள எண்ணெய் ஓடும் குழாயை ஒருமுறை நிறுத்திவிட்டால் மறுபடி ஓட்டுவது பெரும்பாடு.

ரவாங் ஷேல், சிலாங்கூர்

ஏரி ஷேலைக் கையில் எடுத்துப் பார்க்க நினைத்தால் கடலுக்குப் போக வேண்டாம், தங்கச்சி. கோலாலம்பூருக்கு வடமேற்கே, ரவாங்குக்கு அப்பால் பத்து ஆராங் இருக்கிறது. டெர்ஷியரி காலத்துச் சிறிய படுகை. நிலக்கரியும் எண்ணெய் ஷேலும் மாறி மாறிப் படிந்து, மேலே உருண்டைக் கற்படுகை மூடியிருக்கிறது. நம் மக்களும் உழைத்த சுரங்கம் அது. 1915 முதல் 1960 வரை அங்கே நிலக்கரி வெட்டினார்கள். மலாய்ப் படுகையின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனிப் படுகை, செயல்முறையைப் புரிந்துகொள்ள மட்டும் பயன்படும்.

புதிதாக உடைத்த முகத்தைப் பாருங்கள், வெயில்பட்ட முகம் ஏமாற்றும். கரிமம் மிகுந்த ஷேல் கையில் எடுத்தால் எடை குறைவாகத் தெரியும், உரசினால் பழுப்புக் கோடு விடும், கத்தியால் சீவினால் மரச்சீவல் போலச் சுருளும். சாதாரணக் களிப்பாறை பொடியாக உதிரும். பரிசோதனைக்கு அனுப்புவதென்றால் மேற்புறத்தை நன்றாக வெட்டி எறிந்துவிட்டு உள்ளிருந்து எடுங்கள். இந்த மழையிலும் வெயிலிலும் வெளிப்பாறை ஹைட்ரஜனை இழந்திருக்கும், ராக்-இவால் (பாறையைச் சூடாக்கி எண்ணெய் தரும் திறனை அளக்கும் சோதனை) எண் குறைந்து வரும். ஹைட்ரஜன் குறியீடு 600ஐத் தாண்டினால் முதல் வகைக் கெரோஜன் (எண்ணெயாக மாறும் கரிமப்பொருள்), சுத்தமான ஏரிப் பாசி. அந்த வகையில் டிமேக்ஸ் (அதே சோதனையில் உச்ச விளைச்சல் தரும் வெப்பநிலை) எண்ணை வைத்து முதிர்ச்சி சொல்லாதீர்கள், அது மிகக் குறுகிய எல்லைக்குள்ளேயே நிற்கும். பழைய சுரங்க வழிகளுக்குள்ளும் நீர் நிறைந்த குழிகளின் விளிம்புக்கும் போக வேண்டாம். கீழே வெற்றிடம் இருக்கும் நிலம் சொல்லாமல் இறங்கும்.

செந்தூல் மாணவி

கடைசியாக ஒன்று. தடிமன் வரைபடத்தை இப்போதைய தடிமனில் போடுவதா, படிந்த காலத்துத் தடிமனுக்குத் திருப்பிப் போடுவதா?

மணற்கல், பெட்டாலிங் ஜெயா

இரண்டும் போடுங்கள், ஆனால் ஏரியைப் பற்றிப் பேசும்போது திருப்பியதை மட்டும் பயன்படுத்துங்கள். படிந்தபோது சேற்றில் 65 சதவீதம் நீர் என்று வையுங்கள். இப்போது போரோசிட்டி 10 சதவீதம் என்றால், அன்றைய 1,000 மீட்டர் சேறு இன்று 389 மீட்டர். மணல் 45 சதவீதத்தில் தொடங்கி 20க்கு வந்தால் 1,000 மீட்டர் இன்று 688 மீட்டர். இதைத் திருப்பாமல் விட்டால் ஏரியின் சேற்றுப் பகுதி உண்மையைவிட மெலிந்ததாகத் தெரியும், படுகையின் ஆழமான இடத்தையே தவறாகக் குறிப்பீர்கள். கிளினோஃபார்ம் (முன்னேறும் டெல்டாவின் சாய்ந்த படலம்) உயரத்தை வைத்து ஏரி ஆழத்தைக் கணக்கிடுவதற்கும் இது பொருந்தும். சைஸ்மிக் அலை போய்வரும் இருவழி நேரம் 50 மில்லி வினாடி, வேகம் 3,000 என்றால் இன்றைய உயரம் 75 மீட்டர். அது சேறு என்றால் அன்றைய நீராழம் அதைவிட நிச்சயம் அதிகம்.

சேற்றுக்கும் மணலுக்கும் இடையிலான இந்த 300 மீட்டர் வேறுபாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. மணல் அதிகமான ஆற்றுவாய்க்கு மேலே உள்ள படலங்கள் குறைவாக இறங்கும், சுற்றியுள்ள சேற்றுக்கு மேலே உள்ளவை அதிகம் இறங்கும். அதனால் ஃபால்ட் எதுவும் இல்லாமலே மேலே மெல்லிய வளைவு உண்டாகும். உங்கள் கோடுகளில் கே தொகுதியின் மேற்பரப்பைக் கிடையாக்கிவிட்டு ஜே தொகுதி எங்கே மெலிகிறது என்று பாருங்கள். அந்த மெலிவு நான் முன்பு சொன்ன மூன்று வாசல்களில் ஏதாவது ஒன்றுக்கு நேரே வருகிறதா என்று எழுதுங்கள். வெப்பத்தையும் அதிலேயே குறித்துவிடுங்கள். இங்கே கிலோமீட்டருக்கு 45 முதல் 50 டிகிரி ஏறுவதால் கடலடியிலிருந்து 2,000 மீட்டரிலேயே 115 டிகிரியைத் தாண்டிவிடும். மூலப்பாறை எண்ணெய் தரத் தொடங்குவதும், மணலுக்குள் குவார்ட்ஸ் சிமென்ட் வேகம் பிடிப்பதும் ஏறக்குறைய அதே ஆழத்தில்தான்.

பட்டர்வொர்த் லாக், பினாங்கு

போரோசிட்டி எண்களை அடர்த்தி லாக்கிலிருந்து எடுக்கும்போது ஷேலுக்கும் குவார்ட்ஸ் துகளின் அடர்த்தியான 2.65 போட்டுவிடாதீர்கள், தங்கச்சி. கரிமம் மிகுந்த ஷேலில் கெரோஜனின் அடர்த்தி நீரை ஒட்டியதுதான். அது துளை போலவே கணக்கில் வந்து, நீங்கள் திருப்பிய தடிமன் முழுவதையும் கெடுக்கும். கரிமமில்லாத ஷேல் பகுதியில் மட்டும், ஆழத்தோடு போரோசிட்டி குறையும் வளைகோட்டைப் பொருத்தி, அதையே மூலப்பாறைக்கும் பயன்படுத்துங்கள்.